மெச்சூரிட்டி, முதிர்ச்சி, பக்குவம்: மனிதகுலத்துக்கு எந்தச் சொல்?

கொழும்பில் தமிழ் பேசுகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொற்களில் ஒன்று ‘மெச்சூரிட்டி’. கல்யாணப் பேச்சில் “பெடியனுக்கு மெச்சூரிட்டி காணாது” என்பார்கள். வெள்ளவத்தையில் ஒரு வங்கிக்குள் போனால், நிலையான வைப்பு என்றைக்கு ‘மெச்சூர்’ ஆகும் என்று திகதி சொல்வார்கள். தொலைக்காட்சியில் போர்ச் செய்தி ஓடும்போது, “மனிசருக்கு இன்னும் மெச்சூரிட்டி வரேல்லை” என்று ஒருவர் அலுத்துக்கொள்வதும் அதே சொல்லால்தான். முதல் இரண்டையும் யாரும் பிழையாக விளங்கிக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவதில்தான் சிக்கல். மனிதர் எல்லோரும் சேர்ந்து ஓர் உயிரினமாக முதிர முடியுமா? முடியும் என்றால் அதை எந்தத் தமிழ்ச் சொல்லால் சொல்வது?

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ‘மாத்தூருஸ்’. பழுத்தது என்றும் உரிய காலத்தில் வந்தது என்றும் அதற்கு இரண்டு பொருள். உரோமர் வணங்கிய விடியல் தெய்வமான மாத்தூத்தாவின் பெயரும் இதே சொற்குடும்பம். அதாவது சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது: நேரம் வந்தால் விடியும், பருவம் வந்தால் பழுக்கும். வங்கி வைப்புக்கு இது அச்சாகப் பொருந்தும். மனிதகுலத்தின் மேல் இதை ஏற்றினால், காத்திருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் கூடவே ஏறிவிடுகிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

தமிழில் ‘முதிர்ச்சி’க்கு வேர் ‘முது’. முதுமை, முதுமொழி, நம் பல்கலைக்கழகங்கள் தரும் முதுமாணிப் பட்டம் எல்லாம் இதன் பிள்ளைகள். ஆனால் முதிர்தல் என்றால் நன்றாக விளைதலும் உண்டு, வெறுமனே வயது போதலும் உண்டு. முற்றிப்போன வெண்டைக்காயும் முதிர்ந்ததுதான். ஆகவே ‘மனித இனத்தின் முதிர்ச்சி’ என்று எழுதினால், அது அறிவைச் சொல்கிறதா வயதைச் சொல்கிறதா என்பது தெளிவில்லை. வயது என்றால் கணக்கு இருக்கிறது. மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த மனித எலும்புகள் ஏறக்குறைய 3,00,000 ஆண்டுகள் பழையவை. இலங்கையில், களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கலக் குகையில் 40,000 ஆண்டுகளுக்கும் முன்பே நம்மைப் போன்ற மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்த எண்களை வைத்து மனிதகுலம் குழந்தையா கிழமா என்று சொல்ல முடியாது. ஓர் ஆளுக்குப் பிள்ளைப் பருவமும் முதுமையும் உண்டு. ஓர் இனத்துக்கு அப்படி விதிக்கப்பட்ட பருவங்கள் இல்லை.

‘இனம்’ என்ற சொல்லிடமும் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பாடசாலை உயிரியல் புத்தகங்களில் ‘இனம்’ என்பது உயிர்ப் பாகுபாட்டின் கடைசிப் படி. அதற்கு மேல் சாதி, குடும்பம், வருணம். தமிழ்நாட்டில் அதையே ‘சிற்றினம்’ என்கிறார்கள். பாடவேளை முடிந்து பத்திரிகையைப் பிரித்தால் அதே ‘இனம்’ சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பிரிக்கும் சொல்: இனப்பிரச்சினை, இனக்கலவரம், இனவாதம். உலகத்து மனிதர் எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டிய சொல், இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரைப் பிரிக்கும் சொல்லாகிவிட்டது. 1931இல் இந்த நாட்டில் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. குடியேற்ற ஆட்சிக்குக் கீழே இருந்த ஒரு நாட்டில் அது பெரிய காரியம். 1983 யூலையில் கொழும்பு வீதிகளில் இறங்கிய கும்பல்கள், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போய் எரித்தன. ஒவ்வொரு மனிதரையும் மதித்து எழுதப்பட வேண்டிய பட்டியல், யாரை எரிப்பது என்று பார்க்கும் பட்டியலானது. மனிதர் முன்னேறிவிட்டார்கள் என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பட்டியல்தான். கருவி வளர்ந்திருந்தது. பிடித்திருந்த கை வளரவில்லை.

சரி, ‘பக்குவம்’? இது வடமொழியிலிருந்து வந்தது. ‘பச்’ என்றால் சமைத்தல். ‘பக்வ’ என்றால் வெந்தது, பழுத்தது. நளபாகத்தில் வரும் ‘பாகம்’ இதன் உறவு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு ‘மலபரிபாகம்’ தெரிந்திருக்கும். உயிரைப் பற்றிய ஆணவம் என்ற அழுக்கின் வலிமை குறைந்து உயிர் பக்குவப்படுவதை அது குறிக்கிறது. இந்தச் சொல்லில் நெருப்பு இருக்கிறது, ஆக்குகிறவரின் கவனமும் இருக்கிறது. தானாக நடப்பதல்ல, கவனம் தப்பினால் கருகவும் செய்யும். மனிதகுலத்தைப் பற்றிப் பேச இதுவே பொருத்தம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மட்டும் இங்கே செல்லாது. மனிதப் பானையில் ஒரு பருக்கை வெந்திருக்கும், அடுத்தது அரிசியாகவே கிடக்கும். சித்தாந்தமும் பக்குவத்தை உயிருக்கு உயிர் வேறாகத்தான் பார்க்கிறது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் முதலிலிருந்து தொடங்குகிறது. நிதானத்துக்கும் முன்யோசனைக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி முழுமையடைய 20 வயது தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் மனிதகுலத்தின் பக்குவம் எங்கே சேர்கிறது? உடம்பில் அல்ல. சட்டத்தில், வழக்கத்தில், உடன்படிக்கையில், ஒரு தலைமுறை அடுத்ததற்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் சேர்கிறது. சொல்லிக்கொடுக்காமல் விட்டால் அடுத்த தலைமுறையிலேயே போய்விடும்.

சேர்ந்த இடங்களும் உண்டு. பனிப்போரின் நடுவிலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே வேலைத்திட்டத்தில் நின்றன; பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. ஓசோன் படலத்தில் துளை இருப்பது 1985இல் தெரியவந்தது. ஓசோனைச் சிதைக்கும் இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை 1987இலேயே கைச்சாத்தானது. 2009க்குள் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டன. அந்த உடன்படிக்கை நாடுகளின் கூட்டம் 2001 ஒக்டோபரில் இந்தக் கொழும்பிலேயே நடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை, அது முழுதாக வந்து சேருமுன்னே எல்லோருமாகச் சேர்ந்து தடுக்கத் தொடங்கினார்கள். பக்குவம் என்றால் எனக்கு இதுதான். அதே மனிதர்கள் கரியமில வாயு விடயத்தில் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலை ஒரு நாளில் வளர்ந்ததல்ல, எல்லோருக்கும் தெரிந்தே வளர்ந்தது.

தனித்தமிழ் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ‘முதுக்குறைவு’. பேரறிவு என்று பொருள். சிலப்பதிகாரத்தில் கோவலன் தான் செய்த தவறுகளை அடுக்கும்போது, “சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்” என்று கண்ணகியைப் பற்றிச் சொல்கிறான். வயதில் சிறியவள், அறிவில் முதிர்ந்தவள். மணம் நடந்தபோது அவளுக்கு 12 வயது, அவனுக்கு 16. முதிர்வுக்கு வயது அளவுகோல் அல்ல என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சொல் வேறு எனக்குத் தெரியாது. மிக அழகான சொல்தான். ஆனால் இன்றைய வாசகர் ‘குறைவு’ என்பதைப் பார்த்து ஏதோ பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்வார் என்பதால், பொதுக் கட்டுரையில் விளக்கம் இல்லாமல் போட நான் துணிய மாட்டேன்.

வழக்கில் இப்படிக் கொள்ளலாம். வங்கி வைப்புக்கு ‘முதிர்வு’, ‘முதிர்வுத் திகதி’. பெண்பிள்ளை பருவமடைவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ‘சாமத்தியப்படுதல்’ இருக்கிறது. ‘சாமர்த்தியம்’ பேச்சில் தேய்ந்து வந்தது, அங்கே ‘மெச்சூர்’ தேவையே இல்லை. ஓர் ஆளின் நடத்தைக்குப் ‘பக்குவம்’ அல்லது ‘முதிர்ச்சி’. எல்லோரையும் சேர்த்துப் பேசும்போது ‘மனித இனம்’ என்பதைவிட ‘மனிதகுலம்’ அல்லது ‘மானுடம்’ என்று எழுதி, ‘மானுடப் பக்குவம்’ என்று சொல்லலாம். ‘முதிர்கிறதா’ என்று கேட்பதைவிடப் ‘பக்குவப்படுகிறதா’ என்று கேட்பது நல்லது. அப்புறம், எதில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: ஓசோன் விடயத்தில் மனிதகுலம் பக்குவப்பட்டது, அணுவாயுத விடயத்தில் இன்னும் பக்குவப்படவில்லை என்பதுபோல.