காஸ்டிக் சோடா வாளியில் ஒரு யெஸ்டி

போன மழைக்காலத்தில் பாலக்கோட்டிலிருந்து ஓர் இளைஞர், சாக்குப்பையில் பழைய யெஸ்டி பைக்கின் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. எஞ்சினின் அடிக்கூடான கிரேங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் காஸ்டிக் சோடா கரைத்த வாளியில், குளியலறையில், இரவு முழுக்க ஊறப்போட்டிருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு போனது உண்மைதான். ஆனால் அலுமினியம் அடுப்புக்கரி நிறமாகி இருந்தது. பேரிங் உட்காரும் குழியில் புதுப் பேரிங்கை வைத்துப் பார்த்தேன். கேஸைச் சூடாக்கினால்தான் இறங்க வேண்டிய பேரிங், விரலால் தொட்டதும் உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது.

“வீடியோவில் இப்படித்தான் செய்தார்கள், அண்ணா” என்றார். அந்த வீடியோவில் ஊறியது இரும்புச் சாமான். இரும்பை விட்டுவிடும் காஸ்டிக் சோடா, அலுமினியத்தைத் தின்றுவிடும். தின்னும்போது பொங்கும் குமிழிகள் எல்லாம் ஹைட்ரஜன். கதவடைத்த குளியலறையில் அது தேங்கினால் ஒரு தீப்பொறி போதும். குமிழியோடு தெறிக்கும் காஸ்டிக் கரைசல் கண்ணில் பட்டால், குறைந்தது 20 நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெட்ரோலில் கழுவுவதும் வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பூஜையறை விளக்குவரை போகும். தருமபுரியில் என் பட்டறையில் டீசல்தான், அதுவும் வாசலுக்கு வெளியே. மண்ணெண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது, கிடைத்தால்!

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல்தான் முழுமையாக நின்றது. அதற்கு முந்தைய வண்டியின் ஹெட்டில், அதாவது எஞ்சினின் மேல்மூடியில், படிந்த கரியில் ஈயம் இருக்கக்கூடும். இணைப்புகளில் கசியாமல் இருக்க வைக்கும் பழைய கேஸ்கட் தகட்டில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். காய்ந்தபடி வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் தூள் நேரே மூக்கில் ஏறும். டீசலில் நனைத்து, மூங்கில் சீவலால் சுரண்டுங்கள். கேஸ்கட் முகத்தில் கீறலும் விழாது.

மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மணல் பிளாஸ்டிங் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றே கேட்பேன்: புல்லட் கேஸின் எண்ணெய்த் துளைகளை அடைத்தீர்களா? உள்ளே தங்கும் ஒரு சிட்டிகை மணல், புது பேரிங்கையும் பிஸ்டனையும் அரைத்துவிடும். சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, கம்பிரஸர் காற்றைத் துளை துளையாக விட வேண்டும். நம் ஊர் போர்த் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு நிற்கும், உடனே துடைத்துவிடுங்கள்.

மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தைத் தொடும் முன் எஞ்சின் எண் மேல் டேப் ஒட்டுங்கள். 15 வருடம் கழிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். எண் மழுங்கியிருந்தால் கண்ணாடி போலப் பளபளக்கும் எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன விளக்கம் சொல்வது?

பாலக்கோட்டுக்காரரின் கேஸில் நல்லவேளையாக எண் பிழைத்திருக்கிறது. பேரிங் குழியைக் கடைந்து, புஷ் என்னும் உலோக வளையம் இறக்க ஓசூர் லேத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.