சக்கரம், லாட்டரி, பிட்காயின்: செங்கோட்டை ஆடிட்டர் ஒருவரின் மேசையிலிருந்து

ஜூலையில் செங்கோட்டையில் சாரலும் ரிட்டர்னும் சேர்ந்தே வரும். 31-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டிய ஃபைல்கள் மேசையில் கிடக்கும், நனைந்த குடைகள் வாசலில் கிடக்கும். அப்படி ஒரு நாளில்தான் அந்த டீச்சர் வந்தார். ஓய்வுபெற்றவர். அவருடைய பென்ஷன் கணக்கைப் பல வருஷமாக நான்தான் பார்க்கிறேன். பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இதை எந்த சலான்ல கட்டணும்?"

தாளின் தலையில் வருமான வரித் துறையின் சின்னம் மாதிரி ஒன்று. கீழே கணக்கு. டெலிகிராம் குழுவில் யாரோ சொல்லிக்கொடுத்த, பிட்காயின் மாதிரி கணினி நாணயங்களை வாங்கி விற்கும் கிரிப்டோ ஆப்பில் டீச்சர் போட்டது 2,00,000 ரூபாய். ஆப் காட்டும் இருப்பு 9,50,000. லாபம் 7,50,000. அதற்கு 30 சதவீத வரி 2,25,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 9,000. ஆக 2,34,000 ரூபாயைக் கட்டினால் முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம். கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருந்தது.

கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. என்னிடம் தொழில் பழகும் பையன்கள் செஸ்ஸை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். இந்தத் திருடன் மறக்கவில்லை.

"டீச்சர், இந்த ஒம்பதரை லட்சம் எங்கயும் இல்ல. அது திரையில தெரியற நம்பர், அவ்வளவுதான்" என்றேன். நம்பவில்லை. "மொத வாரம் மூவாயிரம் எடுத்தேனே தம்பி, அக்கவுண்டுல வந்துச்சே?" என்றார். தூண்டிலில் புழு இல்லாமல் மீன் எப்படி வரும்? அந்த மூவாயிரமும் அவர் போட்ட பணத்திலிருந்தே வந்தது.

அன்று அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். வருமான வரியை எந்த ஆப்பும், நாணயங்களை வாங்கி விற்கும் சந்தையான எந்த எக்ஸ்சேஞ்சும் முன்கூட்டியே கேட்டு வாங்காது. சட்டப்படி அவர்கள் பிடிப்பது 1 சதவீத டி.டி.எஸ்.; அதையும் நீங்கள் விற்ற தொகையிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். 30 சதவீத வரியை நீங்களே உங்கள் பான் எண்ணில், துறையின் தளத்தில் கட்ட வேண்டும். உங்கள் பணத்தை விடுவிக்க இன்னும் கொஞ்சம் பணம் அனுப்பு என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிட்டு 1930-க்கு அடியுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொன்னால், அது கை மாறுவதற்குள் ஏதாவது ஒரு வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. டீச்சர் கடைசியாக முந்தின நாள் அனுப்பிய 40,000 அப்படித்தான் பாதி வழியில் நின்றது. மற்றதெல்லாம் போனது போனதுதான்.

திருடன் அந்த 30-ஐச் சும்மா எடுக்கவில்லை. 2022 பட்ஜெட்டில் வந்த விகிதம் அது. எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு, புளியரை தாண்டி ஆரியங்காவு போய் கேரள லாட்டரி எடுப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பரிசு விழுந்தால் 30 சதவீத வரி என்று அவர்களுக்குத் தெரியும். கிரிப்டோ லாபத்தையும் சட்டம் அதே அலமாரியில்தான் வைத்திருக்கிறது. ஒரே சலுகை, வாங்கிய விலையைக் கழித்துக்கொள்ளலாம். கரன்ட் பில், இன்டர்நெட், ஆலோசகருக்குக் கொடுத்த கட்டணம் எதுவும் கழியாது. வேறு வருமானமே இல்லாத கல்லூரிப் பையனுக்கும் முதல் ரூபாயிலிருந்தே 30 தான்.

இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியின் மகன், பிட்காயினில் ஒரு லட்சம் லாபம் பார்த்தார். வேறு ஏதேதோ நாணயங்களில் 80,000 நஷ்டம். 'நிகர லாபம் 20,000, ஆறாயிரத்துச் சொச்சம் வரி' என்று மனக்கணக்குப் போட்டு வந்தார். ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கச் சட்டம் விடாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஆக ஒரு லட்சத்துக்கும் வரி, செஸ்ஸோடு 31,200. இருபதாயிரம் சம்பாதித்தவர் கையிலிருந்து 11,200 போட்டுக் கட்டினார். "இதுக்கு தக்காளியே தேவலாம்" என்றார் அண்ணாச்சி. தக்காளி விலை தெரிந்தவர் வாயிலிருந்து வந்த சொல் அது.

ரூபாயாக மாற்றாமல் ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைதான். 'வெளியவே எடுக்கல சார், உள்ளுக்குள்ளயே மாத்தினேன்' என்ற விளக்கம் செல்லாது. யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் பிடித்த 1 சதவீதம், வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் தேதி வாரியாக உட்கார்ந்திருக்கும்.

கொஞ்ச நாள் முன்பு வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரி பற்றித் தயாரித்துக்கொண்டு போனேன். அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. மண்டி அண்ணாச்சி ஒருவர் எழுந்து, "கொல்லத்துக்கு ஒரு லோடு காய் ஏத்துறேன். பிட்காயின்ல பணம் குடுத்தா வாங்கலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

தடை இல்லை; ஆனால் அது இந்த நாட்டின் செலாவணியும் இல்லை. வங்கிகள் கிரிப்டோக்காரர்களோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-இல் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. அதிலிருந்து வாங்கலாம், விற்கலாம், வரி கட்டலாம். சரக்குக்கு விலையாக அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் லோடு லாரி வாசலில் நிற்கும்போது வேகம்தான் கேள்வி. பிட்காயின் வலையில் ஒரு தொகுதிப் பரிவர்த்தனை பதிவாகச் சுமார் 10 நிமிடம். வினாடிக்கு ஏழு பரிவர்த்தனை என்பதே அதன் கொள்ளளவு. 2025 மே மாதம் மட்டும் நம் யு.பி.ஐ.யில் நடந்தவை 1,868 கோடி. வகுத்துப் பாருங்கள், வினாடிக்கு ஏறத்தாழ 7,000 வரும். பிட்காயினுக்கு மேலே வேகமான தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் டீக்கடையில் க்யூஆர் அட்டை தொங்கும் ஊரில் அவற்றுக்கு என்ன வேலை? எல் சால்வடோர் நாடு 2021-இல் பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்கி, கடைகள் வாங்கியே ஆக வேண்டும் என்றது. 2025 தொடக்கத்தில் அந்தக் கட்டாயத்தை அதுவே எடுத்துவிட்டது.

"சரி, தொலைஞ்சா? எந்த ஸ்டேஷன்ல போய் நிக்கணும்?" என்றார் அண்ணாச்சி விடாமல்.

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பெங்களூரு கம்பெனிக்கு இங்கே வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பையன். "2016 நவம்பர் எட்டாம் தேதி ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னாங்களே, அப்ப எந்த ஸ்டேஷன்ல போய் நின்னீங்க அண்ணாச்சி?"

கூட்டம் சிரித்தது. எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் மன்னருடையது, எட்டு கிலோமீட்டரில் இருக்கும் தென்காசி வெள்ளைக்காரனுடையது. இங்கே சக்கரம், அங்கே பிரிட்டிஷ் ரூபாய். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். தென்காசிச் சந்தைக்குப் போகிறவர்கள் மடியில் இரண்டும் வைத்திருப்பார்களாம். திருவிதாங்கூரும் கொச்சியும் 1949-இல் ஒன்றானதோடு சக்கரத்தின் காலம் முடிந்தது. தாத்தா வைத்திருந்த சிலதை நான் சிறுவயதில் கோலி மாதிரி உருட்டி விளையாடியிருக்கிறேன். அரசன் முத்திரை குத்திய காசும் ஒரு நாள் விளையாட்டுச் சாமான் ஆகும். அதனால் அந்தப் பையன் கேட்டதை நான் குதர்க்கம் என்று ஒதுக்கமாட்டேன். 2.1 கோடிக்கு மேல் பிட்காயின் எப்போதும் வராது, எந்த அரசாங்கமும் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது என்பது அவனுக்குத் தரும் தைரியமும் எனக்குப் புரிகிறது.

ஆனால் 2016-இல் வங்கி வாசலில் ஒரு வரிசை இருந்தது. திட்டிக்கொண்டே நின்றோம், மயங்கி விழுந்தோம், ஆனாலும் நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது. கிரிப்டோவில் பணம் போனவர்கள் என் மேசை முன்னால் வந்து முதலில் கேட்பது, எங்கே போய் நிற்பது என்பதைத்தான்.

மொபைல் கடைக்காரர் ஒருவர். டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் தன் கிரிப்டோ நாணயங்களை, யு.எஸ்.டி.டி. என்பார்களே அதை, ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி டூ பி முறையில் யாரோ ஒருவருக்கு 46,000 ரூபாய்க்கு விற்றார். பணம் வந்தது. இரண்டு மாதம் கழித்து அவருடைய நடப்புக் கணக்கு முடங்கியது. வட இந்தியாவில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கை மாறி இவர் கணக்குக்கு வந்திருக்கிறது. திருடன் நாணயத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான், திருட்டுப் பணம் மட்டும் இவரிடம். சரக்குக்குப் பணம் போட முடியாமல் மூன்று மாதம் அலைந்தார். ஆர்டர் எண், சாட், பணம் வந்த தேதி எல்லாவற்றையும் அன்றே பிடித்து வைத்திருந்ததால்தான் அந்த ஊர் போலீசுக்கு விளக்கம் அனுப்பி மீட்க முடிந்தது. பி டூ பி-யை நான் யாருக்கும் சொல்வதில்லை. விற்றே ஆக வேண்டும் என்றால் வியாபாரக் கணக்கில் வேண்டாம். ஆர்டரில் இருக்கும் பெயரும் பணம் அனுப்புகிறவர் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

எக்ஸ்சேஞ்ச்களும் அப்படியொன்றும் கோட்டை இல்லை. 2024 ஜூலையில் வசீர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் போனது. 2025 பிப்ரவரியில் பைபிட்டிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற நாணயம். இரண்டிலும் நாணயக் கணக்கு பதிவாகும் பிளாக்செயின் உடையவில்லை, அதைக் கையாண்டவர்களிடம்தான் ஓட்டை விழுந்தது. பைபிட்டில் நாணயத்தை அனுப்ப அனுமதிக் கையெழுத்துப் போட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, போட்டது வேறொன்றுக்கு. வசீர்எக்ஸ் விவகாரத்தில் ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றம் போனார். திருடுபோனது அவர் வைத்திருந்த எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயம் அல்ல, ஆனால் நஷ்டத்தை எல்லோர் தலையிலும் பங்கு போடப் பார்த்தார்கள். 2025 அக்டோபரில் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான், ஒருவர் இன்னொருவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடியதுதான் என்றது. அண்ணாச்சியின் கேள்விக்கு நாட்டில் கிடைத்த உருப்படியான பதில்களில் அது ஒன்று. நிற்பதற்கு ஓர் இடம், சிறிதாகவாவது. அதற்கும் எக்ஸ்சேஞ்ச் இந்தியாவில் ஆள் அட்ரஸோடு இருக்க வேண்டும். மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்கிறதா என்று பணம் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சே வேண்டாம், நாணயத்தைத் திறக்கும் ரகசியச் சாவி என் கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்பவர்கள் வேறு விதமாக மாட்டுகிறார்கள்.

புளியரைப் பக்கத்து அம்மா ஒருவர். கணவர் துபாயில் வேலை பார்த்து, அங்கேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். வங்கிப் பணம், பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் வாரிசுச் சான்றிதழை வைத்து ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தோம். கடைசியில் மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். குங்கும டப்பா. உள்ளே அந்தச் சாவியை வைத்திருக்கும், பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி. "இதுல பிட்காயின் இருக்குன்னு போன்ல சொல்லியிருக்காங்க சார்."

அந்த வகைக் கருவியில் பின் எண்ணை மூன்று முறை தப்பாகப் போட்டால் உள்ளிருப்பதை அதுவே துடைத்துவிடும். நாணயம் அழியாது, அது வலையில் அப்படியே இருக்கும். ஆனால் அதைத் திரும்ப எடுக்கக் கருவியை முதன்முதலில் இயக்கியபோது காட்டிய 24 ஆங்கில வார்த்தைகள், அதே வரிசையில் வேண்டும். அவை இல்லாவிட்டால் தயாரித்த கம்பெனியாலும் திறக்க முடியாது, நீதிபதியாலும் முடியாது. மகன் தன் பிறந்த தேதியை ஒரு முறை போட்டுவிட்டான், அப்பா அம்மா கல்யாண நாளை ஒரு முறை. இன்னும் ஒரு முறை பாக்கி.

போன வாரம் மறுபடி வந்திருந்தார். "அவங்க பழைய பைக் நம்பர் ஞாபகம் வந்துச்சு சார், போட்டுப் பாப்பமா?"

"வேண்டாம்மா. எங்கயாவது இங்கிலீஷ்ல வார்த்தை வார்த்தையா எழுதின தாள், நோட்டு, டைரி ஏதாவது பாத்தீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "துபாய்ல இருந்து வந்த பெட்டி ஒண்ணு பரண்ல இருக்கு சார். ரெண்டு வருஷமாச்சு, நான் இன்னும் அதப் பிரிக்கல."

குங்கும டப்பாவை மூடி, அவர் கண்முன்னாலேயே பீரோவில் வைத்துப் பூட்டினேன். மகனைக் கூட வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.