‘கன்ட்ரோல்’ பிரெஞ்சுக்குப் போகும்போது

தடுப்பூசிக் குளிர்பெட்டியின் கையேட்டில் ‘கன்ட்ரோல் தி டெம்பரேச்சர்’ என்று ஒரு வரி வருகிறது. வெப்பநிலையை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். இதைப் பிரெஞ்சில் ‘கோந்த்ரோலே’ என்று போட்டால், படிப்பவர் வெப்பமானியைப் பார்ப்பார், எண்ணைக் குறித்துக்கொள்வார், போய்விடுவார். அவர்மேல் தப்பே இல்லை. அந்த வினைக்குப் பிரெஞ்சில் முதல் பொருள் சரிபார்ப்பதுதான். இங்கே வர வேண்டியது ‘மேந்த்னீர்’, அதாவது அப்படியே வைத்திருப்பது.

பழைய பிரெஞ்சில் ‘கோந்த்ர்ரோல்’ என்பது கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வைத்திருந்த இரண்டாவது பதிவேடு. ஆங்கிலம் சொல்லை வாங்கி, அடக்குவது ஆள்வது வரை நீட்டிக்கொண்டது. பிரெஞ்சில் பதிவேட்டின் வாசனை இன்னும் போகவில்லை. பாஸ்போர்ட் சோதனை, தரப் பரிசோதனை, வான் போக்குவரத்து என்றால் ‘கோந்த்ரோல்’ தாராளமாக எழுதலாம். இயந்திரத்தின் பொத்தான், நெம்புகோல் எல்லாம் ‘கொமாந்த்’. ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது ‘ரெக்லாஜ்’. நோயையோ பூச்சியையோ ஒடுக்குவது ‘லுத்’, அதாவது போராட்டம். உலக சுகாதார நிறுவனத்தின் 2003 புகையிலை உடன்படிக்கையின் பிரெஞ்சுத் தலைப்பிலும் அதுதான் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ‘டேட்டா கன்ட்ரோலர்’, ‘ரெஸ்போன்சாப்ல் து த்ரெத்மான்’, அதாவது தரவைக் கையாள்வதற்குப் பொறுப்பானவர் ஆகிறார். ‘கோந்த்ரோலர்’ என்று எழுதினால் ரயிலில் டிக்கெட் கேட்பவர் வந்து நிற்பார்!

மருத்துவ ஆய்வறிக்கையில்தான் ஆபத்து அதிகம். ‘கன்ட்ரோல் குரூப்’ பிரெஞ்சில் ‘குரூப் தெமுவான்’, சாட்சிக் குழு. (தமிழில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்பதும் இதே வழுக்கல்தான், ஒப்பீட்டுக் குழு என்றால் உடனே புரியும்.) சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நோயாளிக்கு ‘எக்கிலிப்ரே’, சமநிலையில் இருப்பவர். ரத்த அழுத்தத்துக்கு ‘கோந்த்ரோலே’ என்று பிரெஞ்சு மருத்துவர்களே எழுதுவதுண்டு. ஆனால் ‘எல்லா நோயாளிகளுக்கும் கோந்த்ரோலே செய்யப்பட்டது’ என்ற வாக்கியம், அளந்து பார்த்தார்கள் என்றும் படிக்க இடம் தரும்.

இந்தப் பிழையை மறுமொழிபெயர்ப்பு பிடிக்காது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்புகிறவர் ‘கோந்த்ரோலே’யைக் கண்டதும் ‘கன்ட்ரோல்டு’ என்றே போடுவார். மூலத்தோடு ஒப்பிட்டால் அச்சு அசலாக இருக்கும், கையெழுத்தும் விழுந்துவிடும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத பிரெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் கொடுத்து, ‘இதைப் படித்து நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் அதன் சொல்லடைவில் ‘கன்ட்ரோல்’ என்று ஒரே பதிவு வைக்காதீர்கள். சரிபார், வைத்திரு, இயக்கு, ஒடுக்கு, ஒப்பிடு என்று பொருளுக்கு ஒன்றாகப் பிரித்து, துறையையும் குறியுங்கள். ஒற்றைச் சொல் வரிகளுக்குத் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். திரையில் ‘டெம்பரேச்சர் கன்ட்ரோல்’ என்று மட்டும் இருந்தால், அது திருகும் குமிழா, அளந்த பதிவுகளின் பட்டியலா என்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி, வரும்வரை அந்த வரியைக் காலியாக விடுங்கள்.