தலைமைப் பயிற்சியில் கோயில்காட்டுக்கும் திருநங்கையருக்கும் என்ன வேலை?

சர்ச் இளைஞர் அணியோ கோயில் தொண்டர் குழுவோ, தலைமைப் பயிற்சி என்றால் பாதி நாள் மைக் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடுகிறது. பக்கத்தில் கோயில்காடு, அதாவது சாமிக்கென்று ஊர் வெட்டாமல் விட்டுவைத்த காடு, இருந்தால் நான் முதல் வகுப்பை அங்கே வைத்துவிடுவேன். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு அதற்குத் தோதான இடம். அந்தக் கடலோரத்தில் சவுக்குத் தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறாமல் மிச்சமிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டு அது. வேலியைவிட ‘சாமி குத்தம்’ என்ற பயம்தான் அதை அதிகம் காத்திருக்கிறது. சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக ஊரையே கட்டுப்பட வைத்தவர் யார் என்று கேட்பேன். பிள்ளைகள் தர்மகர்த்தா பெயரைத் தேடுவார்கள். அப்படி ஒற்றைத் தலைவர் தேவைப்படவில்லை என்பதுதான் பாடம்.

அடுத்த வகுப்பு எடுக்க, திருநங்கையர் குருவின் கீழ் குடும்பம்போல் சேர்ந்து வாழும் அமைப்பான ஜமாத்திலிருந்து மூத்தவர் ஒருவரை அழைப்பது என் வழக்கம். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளையை மகளாக ஏற்று, சோறு போட்டு, புடவை கட்டச் சொல்லிக்கொடுத்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நாற்பது நாள் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது அங்கே குருவின் கடமை. அது முடிந்ததும் பால் ஊற்றும் சடங்கு. தலையில் சுமந்துபோகும் குடத்துப் பாலைக் கடலிலோ குளத்திலோ ஊற்றுவார்கள். பச்சை மரத்தடியில் ஊற்றுவதும் உண்டு. மனிதர்கள் கைவிட்ட ஒருத்திக்குத் தண்ணீரும் மரமும் சாட்சி நிற்கின்றன. சூழலியலையும் பக்தியையும் தனித்தனிப் பாடமாக நடத்தும் நம் கையேடுகளில் இது எங்கே இருக்கிறது?

ஜமாத்தில் எல்லாமே சொக்கத்தங்கம் என்று சொல்லவில்லை. அபராதம், கடன், குருவை மீற முடியாத நிலை என்று உள்ளேயே புகார்கள் உண்டு. அதையும் அவர்கள் வாயாலேயே பேச விடுங்கள்.

ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. ஜெபத்தாலும் பரிகாரத்தாலும் அதையே செய்யப் பார்க்கிற முகாமுக்கு நான் போவதில்லை.

முகாம் நடத்துகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எங்கே தூங்குவது, எந்தக் கழிப்பறை என்பதை வருகிற திருநங்கையிடமே முன்கூட்டிக் கேளுங்கள். எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதையே பேட்ஜில் எழுதுங்கள். அப்புறம், கண்ணீர்ச் சாட்சி சொல்ல மட்டும் மேடையேற்றி, சால்வை போட்டு அனுப்பிவிடுவது வேண்டாம். முகாமின் வரவுசெலவுக் கணக்கு, சமையல் பொறுப்பு, அடுத்த ஆண்டு யாரை அழைப்பது என்ற முடிவு, இவற்றில் ஒன்றையாவது அவரிடம் விடுங்கள்.