காய்ந்த புல்லின் மேல் கல் பதிக்காதீர்கள்

"புல்தான் காய்ந்துவிட்டதே, அப்படியே மணலைக் கொட்டிக் கல்லைப் பதித்துவிடலாமே?" தோட்டத்தில் தளம் போடக் கூப்பிடுகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. தயவுசெய்து வேண்டாம். நான் பெயர்த்தெடுத்துத் திரும்பப் போட்டுக்கொடுத்த தளங்களில் பல, இப்படி அவசரத்தில் போடப்பட்டவைதான்.

காய்ந்த புல்லை ஒரு பிடி பிடுங்கிப் பாருங்கள். மேல்தாள் கையோடு வரும். சருகும் வேர்நாரும் பின்னிக்கிடக்கும் பழுப்பு அடுக்கு தரையிலேயே தங்கிவிடும். குதிகாலால் மிதித்தால் மெத்தைபோல அமுங்கும். அதன் மேல் கல் உட்கார்ந்தால் ஈரம் பட்டு அடியிலேயே மக்கும். மக்க மக்க வெற்றிடம் உண்டாகும், ஒரு மூலை இறங்கும், தண்ணீர் தேங்கும். வயதானவர்கள் தடுக்கி விழுவது அப்படித் தூக்கிக்கொண்டு நிற்கும் விளிம்பில்தான்.

காய்ந்த புல் எல்லாம் செத்த புல்லும் அல்ல. அருகம்புல் வறட்சியில் பழுத்துக் கிடந்தாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும். கோரைக் கிழங்கை நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, உறுதியாக இருந்தால் அது இன்னும் முளைக்கக்கூடியதுதான். கல் இடுக்கு வழியாக முளைத்தும் வந்துவிடும். களைக்கொல்லி அடித்தால் போதாதா என்றால், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி பச்சை இலை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். காய்ந்த தாளில் தெளிப்பது வீண். தீ வைப்பதும் கூடாது. ஆபத்து ஒருபுறம், வேர் அப்படியே இருக்கும் என்பது மறுபுறம்.

எப்படியும் தோண்டத்தான் வேண்டும். நடப்பதற்கான தளம் என்றால் கல் 50 மி.மீ., மணல் 40 மி.மீ., கெட்டித்த ஜல்லி 100 மி.மீ.; ஆக 190 மி.மீ. ஆழம். குழாயும் மின்கம்பியும் போகும் வழியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்துப் புல்லைப் பாளம் பாளமாகச் சீவுங்கள். கிழங்கு கிடைக்கும் இடத்தில் இன்னும் ஆழமாகப் போங்கள். அந்தக் குழியை வேலையாட்கள் வெட்டிய மண்ணாலேயே மூடிவிடுவார்கள், விடாதீர்கள். ஜல்லி போட்டுத் திமிசு (இடித்துக் கெட்டிக்கும் கட்டை) அடிக்க வேண்டும். சுவரிலிருந்து வெளிப்பக்கம் மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டத்தையும் (தண்ணீர் வடிவதற்கான சரிவு) இப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஜல்லி வந்து இறங்குவதற்கு முன், வேலை கொடுத்தவர் ஒருமுறை அந்தத் தரையில் நடந்து பார்க்க வேண்டும். பழுப்பு நார் தென்பட்டாலோ குதிகால் பதிந்தாலோ, அன்று ஜல்லி கொட்ட விடாதீர்கள்.