அஸ்பால்டீனைப் படியவிடாமல் பிடிப்பது எப்படி?

அல்ஜீரியாவின் ஹாஸி மெசவூத் எண்ணெய் வயலில் கிடைக்கும் கச்சா எண்ணெயில் அஸ்பால்டீன் என்ற கனத்த கறுப்புப் பகுதி கால் சதவீதம்கூட இல்லை. ஆனாலும் அங்கே கிணற்றுக் குழாய்களில் கறுப்பு வண்டல் கட்டிப் பெரும் தொல்லை தந்தது. வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் சுமார் 17 சதவீதம் இருந்தும் அப்படிப்பட்ட தகராறு இல்லை. ஆகவே, அளவை மட்டும் பார்த்துத் தொல்லையைக் கணிக்க முடியாது. சுற்றியுள்ள எண்ணெய்க்கு அதைத் தாங்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கச்சா எண்ணெயில், டொலுவீன் என்ற கரைப்பானில் கரைந்து ஹெப்டேன் என்ற கரைப்பானில் கரையாமல் நிற்கும் பகுதிக்குத்தான் அஸ்பால்டீன் என்று பெயர். ஒரு மூலக்கூறு 1.5 நானோமீட்டர் அளவு இருக்கும். நடுவில் தட்டையான அரோமேட்டிக் (பென்சீன் வகை) வளையங்கள், ஓரங்களில் கார்பன் வால்கள். தட்டைப் பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். எண்ணெயில் அரோமேட்டிக்கும் பிசினும் போதுமான அளவு இருந்தால் அடுக்கு சிறியதாகவே நிற்கும்.

கிணற்றில் எண்ணெய் மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. கரைந்திருக்கும் மீத்தேன் போன்ற வாயுக்கள் விரிய, எண்ணெய் நீர்த்துப்போய் அஸ்பால்டீனைக் கைவிடுகிறது. வாயு குமிழாகப் பிரியத் தொடங்கும் அழுத்தத்தில்தான் நிலைமை படுமோசம். வாயு பிரிந்த பிறகு எண்ணெய் ஓரளவு தேறிக்கொள்ளும். கனத்த எண்ணெயில் வேறொரு வழியாக வினை வரும்: பம்ப் செய்யத் தோதாகப் பாரஃபின் (ஹெப்டேன் போன்ற வளையமில்லாத ஹைட்ரோகார்பன்) மிகுந்த லேசான திரவத்தைக் கலப்பார்கள், அதுவே அஸ்பால்டீனை வெளியே தள்ளிவிடும்.

வெளியே வந்த துகள் எவ்வளவு பெரியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீரைவிடப் பத்து மடங்கு குழகுழப்பான எண்ணெயையும், அதைவிடக் கனமீட்டருக்கு 200 கிலோ அடர்த்தி கூடிய துகளையும் எடுத்துக்கொள்வோம். ஸ்டோக்ஸ் விதிப்படி 1 மைக்ரான் துகள் அசையாத எண்ணெயில் நாளுக்கு 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். 10 மைக்ரான் துகள் 9 சென்டிமீட்டர் இறங்கும். அதுவே 100 மைக்ரானானால் 9 மீட்டர்! துகள்கள் சேர்ந்து பெரிதாகாமல் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிஸ்பர்சன்ட் என்ற மருந்து, அதாவது துகள்களைப் பிரித்தே வைக்கும் வேதிப்பொருள், செய்வது இதைத்தான். நோனைல்ஃபீனால், டோடெசில்பென்சீன் சல்ஃபானிக் அமிலம் போன்றவற்றில் ஒரு முனை அஸ்பால்டீனின் துருவப் பகுதியைப் பற்றிக்கொள்ளும்; நீண்ட வால் எண்ணெய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வால்கள் ஒன்றையொன்று இடிப்பதால் துகள்கள் நெருங்க முடிவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சாங், ஃபாக்லர் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆல்கைல்ஃபீனால்களுக்குக் குறைந்தது 6 கார்பன் நீள வால் தேவை.

எந்த மருந்து என்பதை அந்தந்த எண்ணெயில் போட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம். அளவுக்கோடு போட்ட சென்ட்ரிஃபியூஜ் குழாய்களில் தலா 10 மி.லி. ஹெப்டேன் ஊற்றி, ஒன்றை வெறுமனே விட்டு, மற்றவற்றில் வெவ்வேறு டோஸ் சேர்த்து, ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் பிப்பெட்டில் ஏறாத அளவுக்குக் கெட்டியாக இருந்தால் முதலில் டொலுவீனில் இளக்கிக்கொள்ளலாம். அப்போது எல்லாக் குழாய்க்கும் ஒரே டொலுவீன் அளவு இருப்பது கட்டாயம். மூடிக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், வெறும் குழாயில் அடியில் கறுப்பு வண்டல், மேலே தேநீர் நிறத் திரவம். நல்ல மருந்து விழுந்த குழாய் மேலிருந்து அடிவரை ஒரே கறுப்பாக நிற்கும். இதில் கரைந்த வாயுவும் இல்லை, அழுத்தமும் இல்லை. அதனால் மருந்துகளை வரிசைப்படுத்த இது உதவும்; கிணற்றுக்கான டோஸை இதை வைத்து நிர்ணயிப்பது தவறு.

டோஸ் 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு எண்ணெய்க்கு 200 பங்கு மருந்து) என்று வைத்தால், நாளுக்கு 1,000 பீப்பாய், அதாவது 159 கனமீட்டர் தரும் கிணற்றுக்கு 32 லிட்டர் போதும். மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். மெல்லிய எஃகுக் குழாய் வழியாக, குமிழ் பிரியும் ஆழத்துக்கும் கீழே இதை விட வேண்டும். கிணற்று வாயில் விட்டால், அதற்குள் படிந்துவிட்ட வண்டலுக்கு அதனால் பயனில்லை. பம்ப் சில மணி நேரம் நின்றால் அதற்குள் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரட்டை டோஸ் கொடுத்தாலும் பழைய அடைப்பு கரையாது, சைலீன் என்ற கரைப்பானை விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கூடுதலாக ஊற்றினால் நல்லது என்ற கணக்கும் இங்கே செல்லாது. மிஞ்சிய மருந்து எண்ணெயையும் நீரையும் பிரியாத கூழாக்கி, சுத்திகரிப்பு ஆலையில் உப்பு நீக்கும் தொட்டியைத் திணறடிக்கும். சல்ஃபானிக் அமிலத்துக்கு உலோகத்தை அரிக்கும் குணமும் உண்டு. ஆலையில் இரண்டு எண்ணெய்களைக் கலக்கும்போது மருந்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது வரிசை: அஸ்பால்டீனை நன்றாகத் தாங்கும் எண்ணெயைத் தொட்டியில் முன்னே விட்டு, பாரஃபின் மிகுந்ததைப் பின்னர் மெதுவாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், இறுதிக் கலவை நிலையானதாக இருக்க வேண்டிய விகிதத்தில்கூட இடையிலேயே வண்டல் இறங்கிவிடும்.