மொழிக் குறியீடு: சமஸ்கிருதமும் டச்சும்

ஒரு மொழியின் பெயரை முழுதாக எழுதாமல் கணினியும் நூலகப் பட்டியலும் இரண்டு அல்லது மூன்று ரோமன் எழுத்துகளால் குறிக்கின்றன. அதுதான் மொழிக் குறியீடு. ஆங்கிலத்தில் 'லாங்குவேஜ் கோட்'. எந்த மொழிக்கு எந்த எழுத்துகள் என்பதை ஐஎஸ்ஓ 639 என்ற பன்னாட்டுத் தரம் வகுக்கிறது. தமிழுக்கு 'டி-ஏ', மூன்றெழுத்தில் 'டி-ஏ-எம்'.

'கோட்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'கோடெக்ஸ்'. முதலில் மரத்தண்டு என்று பொருள். பிறகு மெழுகு பூசிய மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஏடு, அப்புறம் சட்டத் தொகுப்பு, இன்னும் பிற்காலத்தில் ரகசியச் செய்திமுறை. ஆங்கிலம் இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்குகிறது. தமிழில் அப்படி அடக்க வேண்டியதில்லை. சட்டத்துக்குத் தொகுப்பு, ரகசியத்துக்குச் சங்கேதம், மென்பொருளுக்கு நிரல், அடையாளத்துக்குக் குறியீடு. 'குறியிடு' என்பதன் தொழிற்பெயர் குறியீடு. கெடு என்பது கேடு ஆவதுபோல இடு என்பது ஈடு ஆகிறது. ஆகவே 'மொழிக் கோட்' என்று எழுதத் தேவையே இல்லை.

இப்போது இரண்டு மொழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சமஸ்கிருதத்துக்கு 'எஸ்-ஏ', மூன்றெழுத்தில் 'எஸ்-ஏ-என்'. அதன் பெயர் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் சிக்கல் வரவில்லை. டச்சு மொழிக்கு இரண்டெழுத்தில் 'என்-எல்'. மூன்றெழுத்திலோ இரண்டு குறியீடுகள்: 'டி-யூ-டி', 'என்-எல்-டி'.

காரணம் பெயரில் இருக்கிறது. அந்த மொழியைப் பேசுவோர் அதை 'நேடர்லான்ட்ஸ்' என்கிறார்கள். 'டச்சு' ஆங்கிலேயர் சூட்டிய பெயர். 'மக்களுடைய' என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மானியர் தங்கள் மொழியை 'டாய்ச்' என்பதும் அதே வேரிலிருந்துதான். இலங்கைத் தமிழர் டச்சுக்காரர்களுக்கு 'ஒல்லாந்தர்' என்ற பெயரை வழங்கினார்கள். அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்.

1998இல் மூன்றெழுத்துத் தரம் வந்தபோது, நூலகங்களில் ஆங்கிலப் பெயரை ஒட்டிய குறியீடுகளோடு ஏராளமான பதிவுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றையெல்லாம் மாற்ற முடியாது. எனவே ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு உள்ளிட்ட சுமார் 20 மொழிகளுக்கு நூலகக் குறியீடு ஒன்று, மற்றப் பயன்பாட்டுக்கு ஒன்று என இரண்டு தந்தார்கள். 2007இல் வந்த விரிவான பட்டியல் 'என்-எல்-டி'யை மட்டுமே ஏற்றது. அது சரியான முடிவு. ஒரு மொழிக்கு அதைப் பேசுவோர் வைத்த பெயரே முதலில் நிற்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மொழிக்கும் நாட்டுக்கும் தனித்தனிப் பட்டியல்கள். நாடுகளின் பட்டியலில் 'என்-எல்' நெதர்லாந்து, ஆகவே பொருத்தம். 'எஸ்-ஏ'வோ சவூதி அரேபியா! இதனால்தான் மொழியைச் சிறிய எழுத்திலும் நாட்டைப் பெரிய எழுத்திலும் எழுதுவது வழக்கம். மொழிக் குறியீட்டை அடுத்து நாட்டுக் குறியீட்டைச் சேர்த்தால் பெல்ஜியத்தில் வழங்கும் டச்சையும் சூரினாமில் வழங்கும் டச்சையும் பிரித்துக் காட்டலாம்.

சமஸ்கிருதத்துக்கு நாட்டைவிட எழுத்துமுறையே முக்கியம். தேவநாகரி, கிரந்தம், தெலுங்கு, மலையாளம் எனப் பல எழுத்துகளில் அது எழுதப்பட்டு வந்திருக்கிறது. இதற்கென ஐஎஸ்ஓ 15924 என்ற தரம் நான்கெழுத்துக் குறியீடுகளைத் தருகிறது: கிரந்தத்துக்கு 'ஜி-ஆர்-ஏ-என்', தமிழ் எழுத்துக்கு 'டி-ஏ-எம்-எல்'. தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஒரு சுலோகத்தை இணையத்தில் ஏற்றுபவர் 'எஸ்-ஏ'வுக்குப் பின் ஒரு சிறுகோடு இட்டு 'டி-ஏ-எம்-எல்' என்று சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் திரைவாசிப்பு மென்பொருளும் தேடுபொறியும் அது தமிழ் எழுத்தில் உள்ள சமஸ்கிருதம், தமிழ் வாக்கியம் அல்ல என்று அறிய வழி கிடைக்கும்.